சீர்த்தட்டில் ஒரு கண்ணாடி

அம்மாவின் காது மடலில் தங்க நிற ஜிகினாத் தூள் ஒட்டியிருந்தது. இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் தடயம் அதுதான். மாட்டுப் பொங்கலன்று கந்தர்வக்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தலைவாரிவிடச் சொல்லி எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். அறுபத்தொரு வயது. அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போய் மூன்று வருஷமாகத் தனியாக இருப்பவள். இவள் காதில் ஜிகினாவுக்கு என்ன வேலை? கேட்டதற்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஒட்டிக் கொடுத்தேன் என்றாள். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் வயசான கணவன் மனைவி இரண்டே பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளே கல்லூரியை முடித்துவிட்டார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். பொதுத்தேர்வு நேரத்தில் பறக்கும் படையில் பல வருஷம் போயிருக்கிறேன். ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிற விதத்தை வைத்தே பிட் சாக்ஸில் இருக்கிறதா, சட்டைக் காலரில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இந்தக் குணத்தைப் பள்ளிக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது. என் கணவர் கடைக்குப் போய்த் திரும்பப் பத்து நிமிஷம் கூடினால், செருப்பைக் கழற்றும்போதே காரணத்தையும் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார். அப்படிப்பட்டவளிடம் போய் அம்மா இப்படி ஒரு பொய்யைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் கண்ணை மூடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் வந்துகொண்டிருந்தவள், ஞாயிறு தவறாமல் பஸ் ஏறினேன். அப்பா போனதிலிருந்து அம்மா சாம்பலும் பழுப்புமாகத்தான் உடுத்திக்கொண்டிருந்தாள். அப்படி உடுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, உடுத்தாதே என்றும் யாரும் சொல்லவில்லை. இப்போது மாங்கொழுந்து நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை, அதற்குப் பொருத்தமாகக் கழுத்தோரம் பூவேலை செய்த ரவிக்கை, கொண்டையில் மரக் கொண்டை ஊசி. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குப் பிரச்சினை. யாருக்காக என்று மனம் உடனே கேட்டது.

பிறகு அந்த மேசை. அப்பாவுக்குக் கடைசி வருஷங்களில் மூட்டுவலி. கீழே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, ஒரு டைனிங் டேபிள் வாங்கலாம் என்று எத்தனையோ தடவை கேட்டார். ஹாலையே அடைத்துக்கொள்ளும் என்று அம்மா மறுத்துவிட்டாள். அதே ஹாலில், மாசி மாதம் நான் போனபோது, ஆறு பேர் உட்காரக்கூடிய தேக்கு மேசை கிடந்தது. நாற்காலி மட்டும் ஒன்றே ஒன்று. ஆறு பேர் மேசைக்கு ஒரு நாற்காலி எதற்கு என்று கேட்டேன். மீதி நாற்காலி அப்புறம் வரும் என்றாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் காய்கறி இல்லை. ஈரத் துணியில் சுற்றிய மல்லிகையும் டப்பா டப்பாவாக ரோஜா இதழும் இருந்தன. கட்டிலுக்கு அடியில் தாம்பாளங்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், பசையைச் சூடாக்கி ஒட்டும் துப்பாக்கி ஒன்று படுத்திருந்தது.

குவைத்தில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டேன். முதலில் சிரித்தான். அம்மாவுக்கும் பொழுது போக வேண்டாமா என்றான். நான் சேலையைச் சொன்னேன், மேசையைச் சொன்னேன், பூவைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்தினான். பிறகு, வீட்டுப் பத்திரம் பீரோவில்தானே இருக்கிறது என்று கேட்டான். சந்தேகத்துக்கு இத்தனை வேகம் உண்டு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கடலைத் தாண்ட அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். என்னைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு வெள்ள ஆம்னி வேனு வருதுங்க டீச்சர். தெருவே படுத்துக் கெடக்குற நேரம். வந்தா கதவச் சாத்திக்கிறாங்க.”

அடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்பு போட்டேன். அம்மா வீட்டுக்கு எதிரே ஒரு தையல்காரர் கடை இருக்கிறது. ரவிக்கை அளவு கொடுக்கும் சாக்கில் அங்கே உட்கார்ந்துகொண்டேன். சொன்ன நேரத்துக்கு ஆம்னி வந்தது. இறங்கியது ஆண் இல்லை. முப்பத்தைந்து வயதுப் பெண். நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமப் பொட்டு, தலை நிறையப் பூ. டிரைவரும் அவளுமாகப் போர்வை போர்த்திய தாம்பாளங்களை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினார்கள். கடைசியில் வாசலில் நின்று அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்று வருஷமாக அம்மா என்னிடம் அப்படிச் சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொன்னால் பொறாமையாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பெரிய பொட்டுக்காரி என்று அங்கேயே பெயர் வைத்தேன். சாயங்காலம், அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியவளைப் போல வீட்டுக்குள் போய், யார் வந்துவிட்டுப் போனது என்று கேட்டேன். தையல் கற்றுக்கொள்ள வருகிற பெண் என்றாள் அம்மா. என் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்தது அப்பா. அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குக்கூடப் பொறுமை கிடையாது.

முடிச்சு அவிழ்ந்தது என் மகளால். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். சித்திரைப் பிறப்பன்று எங்கள் வீட்டில் நான் வைத்த கனித்தட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, போனை நீட்டி, இப்படி வையேன் என்றாள். புதுக்கோட்டைக்காரர்கள் யாரோ நடத்துகிற அலங்காரப் பக்கம். மாதத்துக்கு ஒரு மேசை. மார்கழிக்குச் சாண உருண்டையில் சொருகிய பரங்கிப்பூ வரிசை. தைக்கு மஞ்சள்கொத்து கட்டிய சின்னச் சின்னப் பானைகள். கோட்டைப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்காக நோன்பு திறக்கும் மேசை: நடுவில் பேரீச்சம்பழம், சுற்றிலும் கஞ்சிக் கிண்ணங்கள், ஓரத்தில் பிறை வடிவில் முந்திரிப்பருப்பு. அதற்குக் கீழே கல்யாணச் சீர்த்தட்டுகள் வரிசை வரிசையாக.

முந்திரியைப் பார்த்ததும் எனக்கு மூக்கு வியர்த்தது. சர்க்கரைப் பொங்கல் மேல் அம்மா முந்திரி பதிக்கிற அதே வளைவு. வெற்றிலையை அடுக்கியிருந்த விதத்தையும் பார்த்தேன். காம்பெல்லாம் ஒரே பக்கம், நுனிகள் விசிறி மடிப்பில். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அம்மா அப்படித்தான் வெற்றிலை வைப்பாள். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தட்டில் வழக்கம்போலக் கண்ணாடியும் சீப்பும் வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடியில், படம் எடுத்தவள் கவனிக்காமல் விட்ட மூலையில், ஒரு தாடையும் காதோர நரைமுடியும் மாங்கொழுந்துச் சேலைத் தலைப்பும் தெரிந்தன. அந்தத் தாடையில் ஒரு மச்சம். அம்மாவின் மச்சம்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். நான் பயந்ததுபோல ஆண் இல்லை, சாமியார் இல்லை, பத்திரமும் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆனால் சந்தேகம் இருக்கிறதே, அது ஒரு கதவு சாத்தினால் அடுத்த கதவைத் தட்டும். பக்கம் முழுக்கத் தேடினேன். எங்கேயும் அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பெரிய பொட்டுக்காரியின் முகம் மட்டும் பத்து இடத்தில் இருந்தது. தட்டுக்கு முன்னால் நிற்கிறாள், மேசைக்குப் பின்னால் நிற்கிறாள், கையில் பூவோடு சிரிக்கிறாள். என் அம்மாவின் வேலையை இவள் தன் பெயரில் ஓட்டுகிறாள் என்று முடிவுகட்டினேன். அம்மா வாயில்லாப் பூச்சி, ஏமாற்றுகிறார்கள் என்று தம்பியிடமும் சொன்னேன். அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள் அல்லவா?

வைகாசியில் எங்கள் பள்ளிக்கூட அறிவியல் டீச்சரின் மகனுக்கு நார்த்தாமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு எடுத்து வர, மாப்பிள்ளை வீட்டுச் சீர் இருபத்தொரு தட்டும் நீள மேசையில் தயாராக இருந்தன. பார்த்தவுடனே அம்மா கைவேலை என்று தெரிந்துகொண்டேன். முந்திரியில் ஒரு தாமரை. ஆரஞ்சுத் தோலில் சீவிய ரோஜா. பச்சரிசி மேல் மஞ்சளும் குங்குமமும் இரண்டு கோபுரமாக, ஒரு பொடி சிந்தாமல் நின்றன. கூறைச்சேலையை மடித்து மடித்து ஒரு மயிலாக்கியிருந்தாள். பெருமையில் மேசையை இரண்டு தடவை சுற்றி வந்தேன்.

மேசைக்குப் பக்கத்தில் பெரிய பொட்டுக்காரி நின்றிருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் அவளிடம்தான் பாராட்டைச் சொன்னார்கள். யார் செய்தது என்று ஒருவர் கேட்டார். “நம்ம டீம் பண்ணுனதுங்க,” என்றாள். டீம்! ஆறு பேர் மேசையும் ஒற்றை நாற்காலியும் என் கண் முன்னால் வந்தன. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அறிவியல் டீச்சரின் நாத்தனார், அன்றைக்குக் காரியம் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்துகிறவர், மஞ்சள் குங்குமத் தட்டில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் நேரே அவரிடம் போய், நாலு பேர் காதில் விழும்படியாகவே சொன்னேன். இந்த இருபத்தொரு தட்டையும் அடுக்கியது எங்கள் அம்மா, கந்தர்வக்கோட்டையில் தனியாக உட்கார்ந்து அவர் ஒருவரே செய்தது என்றேன். பெரிய பொட்டுக்காரி என் பக்கம் திரும்பித் தலையை மெல்ல அசைத்தாள். வேண்டாம் என்று சொன்னாள். மாட்டிக்கொண்டதால் கெஞ்சுகிறாள் என்று எனக்கு இன்னும் தெம்பு வந்தது.

நாத்தனார் முகம் மலர்ந்துதான் கேட்டார். “ஒங்க அம்மாவா? கையில என்னா கலைங்க! அப்பா என்ன பண்றாங்க?”

“அப்பா இல்லைங்க. மூணு வருஷமாச்சு,” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் முகம் மாறவில்லை. பூவின் மேல் இருந்த கை மட்டும் தன்னால் பின்னுக்கு வந்தது. சரிங்க, உட்காருங்க, காப்பி சாப்பிடுங்க என்றார். அவர் கண்ணைக் காட்டியதும் தாலியும் மெட்டியுமாக இரண்டு பெண்கள் வந்தார்கள். மஞ்சள் குங்குமத் தட்டையும் பூத்தட்டையும் கூறைச்சேலைத் தட்டையும் தூக்கிக்கொண்டு மணமகன் அறைக்குள் போனார்கள். பத்து நிமிஷத்தில் அதே சாமான்கள் வேறு தாம்பாளத்தில் திரும்பி வந்தன. மயில் சாதாரணச் சேலையாகியிருந்தது. குங்குமத்தை அள்ளிக் கொட்டியிருந்ததில் ஒரு பக்கம் சரிந்து மஞ்சளோடு கலந்து கிடந்தது. மற்ற தட்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, தவிர, ஆப்பிளுக்கும் சாக்லேட்டுக்கும் கைம்பெண் கை பட்டால் குற்றமில்லை போலிருக்கிறது.

பெரிய பொட்டுக்காரி ஏன் தலையை அசைத்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் உட்கார முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்த பிறகும் இலைக்கு முன்னாலேயே இருந்தேன். இலையில் என்னென்ன வைத்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

மண்டபத்திலிருந்து நேரே கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசை துடைத்த மேனிக்குக் காலியாக இருந்தது. எனக்கு உட்கார இடமில்லை, நின்றுகொண்டேதான் இருந்தேன். ஆனியில் இரண்டு கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள் என்றும், இரண்டு வீட்டிலிருந்தும் வேண்டாம் என்று போன் வந்துவிட்டது என்றும் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். இரண்டும் அந்த நாத்தனாருக்குச் சொந்தக்கார வீடுகள்.

அவள் உன் பெயரை மறைத்து ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன் அம்மா என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அது மறைக்கல. நாந்தான் மறைக்கச் சொன்னேன்,” என்றாள். “எல்லாத்தையும் கண்டுபிடிச்ச நீ, அது என்னைய எங்கிட்டுப் பாத்துச்சுன்னு கண்டுபிடிச்சியா?”

எனக்குத் தெரியாது என்றேன்.

“ஒம் மக சடங்குலதான்.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் வயதுக்கு வந்தபோது சடங்கு வைத்தோம். தம்பி லீவில் வந்து தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். இருபத்தொரு தட்டு. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தம்பி மனைவி கடையில் சொல்லிச் செய்தது என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். நானும் நம்பினேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. இருபத்தொன்றையும் முந்தின நாள் பகல் முழுக்க உட்கார்ந்து அடுக்கியது அம்மா.

“சரி, பேத்திக்குத்தான செய்யிறோம், யாரு பேருல போனா என்னன்னு இருந்தேன். காலையில நீ வந்து என்ன சொன்ன?”

அவள் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. நான் கடுமையாகச் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னேன். “அம்மா, நீ அடுப்படியக் கொஞ்சம் பாத்துக்க. மொதத் தட்ட அத்தை தூக்கட்டும். ஆரத்தி முடிஞ்சதும் ஒன்னையக் கூப்புடுறேன்.” அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமா குத்துக்கல்லாக உயிரோடு இருக்கிறார். ஆரத்தி முடிந்தது. போட்டோ எடுத்தார்கள், பந்தி போட்டார்கள். அம்மாவைக் கூப்பிட எனக்கு நேரம் இருக்கவில்லை.

பெரிய பொட்டுக்காரி தம்பி மனைவிக்கு ஊர்க்காரி. சடங்குக்கு வந்தவள் தண்ணீர் கேட்டு அடுப்படிக்குள் வந்திருக்கிறாள். அம்மாவின் விரல்களில் சூட்டுப் பசையின் கொப்புளங்களைப் பார்த்திருக்கிறாள். நீங்கதானா அதெல்லாம் அடுக்குனது என்று கேட்டிருக்கிறாள்.

“என் கையப் புடிச்சுப் பாத்தது அது ஒண்ணுதான்த்தா,” என்றாள் அம்மா.

நான் அழுதேன். அம்மா அழவில்லை. போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் மேசையில் சாய்ந்து நின்றுகொண்டாள். கோட்டைப்பட்டினத்து வீட்டிலிருந்து ஒரு பெயர்சூட்டு விழாவுக்கு மேசை கேட்டிருக்கிறார்கள், அதை மட்டும் செய்யப் போவதாகச் சொன்னாள். கல்யாணத் தட்டு இனி இந்தப் பக்கம் வராது, வேறு தாலுகாவில் கேட்டால் பார்க்கலாம் என்று பெரிய பொட்டுக்காரி சொன்னாளாம். என்னைத் திட்டினாளா என்று கேட்டேன். இல்லை, டீச்சருக்கு நல்ல மனசு, அவசரப்பட்டுட்டாங்க என்றாளாம். திட்டியிருந்தால் தேவலை.

ஆவணியில் நாங்கள் புதுக்கோட்டையில் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்தோம். அதைப் பற்றிப் பேச அம்மாவும் அத்தையும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். வாசலுக்கு என்ன தோரணம், ஹாலில் எந்த மூலையில் உருளி, மேசைக்கு என்ன துணி என்று அம்மா தாளில் படமே வரைந்துவிட்டாள். நான் பல நாளாக மனசுக்குள் ஒரு தீர்மானம் வைத்திருந்தேன். புது வீட்டுக்குள் முதல் தட்டை அம்மாதான் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும். மஞ்சள் குங்குமத் தட்டு. அம்மாவைத் தனியாக அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு விம்மியது. என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் வந்தது.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை ஹாலில் நான் பார்க்கிற பார்வை அது.

“தட்டு அடுக்கித் தாரேன்,” என்றாள். “தூக்குறது யாருன்னு நீ நல்லா யோசிச்சு வையி.”

ஏன் அம்மா இப்படிச் சொல்கிறாய், நான் மனசாரத்தானே கேட்கிறேன் என்றேன்.

“மனசாரத்தான் கேக்குற. கேக்கறதுக்கு முன்னாடி, அத்தை அங்கிட்டு ஹால்ல இருக்காளான்னு எட்டிப் பாத்துட்டு வந்துதான கேட்ட?”